காற்று தின்ற 13 சென்டிமீட்டர்

பி.காம். முடித்தவனுக்குக் கோயமுத்தூரில் வேலை கிடைப்பது ஒன்றும் கஷ்டமில்லை. என்ன வேலை என்று மட்டும் கேட்கக் கூடாது. நான் கேட்கவில்லை. அதனால் பதினைந்து வருடங்களுக்கு முன் ஒரு தனியார் சர்வே ஆபீசில் கணக்கு எழுதச் சேர்ந்தேன்.

காலையில் டீசல் பில், மத்தியானம் டீ பில், மாதக் கடைசியில் பேட்டா பில். மற்றவர்கள் நிலத்தை மீட்டரில் அளப்பார்கள், செலவைக் கிலோமீட்டரில் எழுதிக்கொண்டு வருவார்கள். அதைக் குறைப்பது என் உத்தியோகம். ஃபீல்டுக்கு ஆள் குறைந்தால் மட்டும் சர்வேயர் சார் என் மேஜைப் பக்கம் வருவார்.

"நீங்க சும்மாதானுங்க உட்கார்ந்திருக்கறீங்க? வண்டில ஏறுங்க."

கணக்கு எழுதுகிறவன் எப்போதும் சும்மா உட்கார்ந்திருப்பதாகத்தான் உலகம் நினைக்கிறது. இதை வாசிக்கிற அக்கவுன்டன்ட் சகோதரர்கள் ஒரு பெருமூச்சு விட்டுக்கொள்ளலாம்.

அப்படித்தான் ஒரு மார்கழி மாதம் ஊட்டிப் பக்கம் ஒரு எஸ்டேட்டை அளக்கப் போனோம். ஜீப்பில் டிரைவர், சார், நான், அப்புறம் செயின்மேன் அண்ணன். சங்கிலி பிடித்து அளக்கிற வழக்கம் போய் எத்தனையோ வருஷமாகிவிட்டது. ஆனாலும் அந்த வேலைக்கு இன்னும் பெயர் செயின்மேன்தான். அண்ணனுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். சூலூர்ப் பக்கத்து ஆள். கையில் சங்கிலிக்குப் பதிலாக ஒரு கம்பு, அதன் உச்சியில் பிரிசம் என்கிற கண்ணாடி. அளக்க வேண்டிய கல்லின் மேல் கம்பை நட்டு, ரசமட்டக் குமிழ் நடுவில் நிற்கும்படி ஆடாமல் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அவ்வளவுதான் வேலை என்று நீங்கள் நினைத்தால், மலைக் காற்றில் ஐந்து நிமிஷம் ஒரு குடைக் கம்பைச் செங்குத்தாகப் பிடித்துப் பாருங்கள்.

இந்தப் பக்கம் ஸ்டாண்டின் மேல் மெஷின். டோட்டல் ஸ்டேஷன் என்று பெயர். கோணத்தையும் அளக்கும், தூரத்தையும் அளக்கும். கண்ணுக்குத் தெரியாத ஒளியை அனுப்பும். அது பிரிசத்தில் பட்டுத் திரும்பி வரும். போய் வந்த நேரத்தை வைத்துத் தூரத்தைச் சொல்லிவிடும். இரண்டு கிலோமீட்டர் தூரம் போய் வர ஒளிக்கு எவ்வளவு நேரம் ஆகும் தெரியுமா? ஒரு விநாடியை ஒரு லட்சம் கூறு போட்டால் அதில் ஒரு கூறும் இன்னும் கொஞ்சமும். நம் டவுன் பஸ் கண்டக்டர் விசில் ஊத வாயைத் திறப்பதற்குள் ஒளி பல ஆயிரம் டிரிப் அடித்துவிடும்.

எனக்கு இரண்டு வேலைகள். ஒன்று, நோட்டில் எழுதுவது. இன்னொன்று, மெஷின் பெட்டிக்குள் ஒரு தெர்மாமீட்டரும் காற்றழுத்தம் காட்டுகிற ஒரு சின்னக் கருவியும் இருக்கும், அவற்றைப் பார்த்து வெப்பத்தையும் பிரஷரையும் மெஷினில் போடுவது.

"மேல போனதும் மறக்காம போட்டுருங்க" என்று சார் பர்லியாறு தாண்டும்போதே சொன்னார்.

மேலே போனோம். குளிர் என்றால் குளிர், பல் தனியாகத் தாளம் போட்டது. என் இரண்டு கைகளும் பேன்ட் பாக்கெட்டுக்குள் குடியேறிவிட்டன. பெட்டியைத் திறந்து தெர்மாமீட்டரை எடுக்க வேண்டுமென்றால் ஒரு கையையாவது காலி செய்ய வேண்டும். மெஷின் திரையில் எட்டிப் பார்த்தேன். திருத்தம் என்கிற இடத்தில் '0' என்று இருந்தது. நான் பி.காம். திருத்தம் பூஜ்யம் என்றால் திருத்த எதுவுமில்லை, கணக்கு சுத்தம். ஒரே ஒரு விரலை மட்டும் வெளியே எடுத்து ஓகே பட்டனை அமுக்கிவிட்டு விரலைத் திரும்ப உள்ளே அனுப்பினேன்.

அந்த ஒரு விரல்தான் இந்தக் கட்டுரை.

*

எஸ்டேட்டின் இந்த மேட்டிலிருந்து எதிர் மேட்டுக்கு, நடுவில் தேயிலைப் பள்ளத்தாக்கைத் தாண்டி, சுமார் இரண்டு கிலோமீட்டர். முன்பு யாரோ நன்றாக அளந்து வைத்த கோடு அது. அதன் நீளம் எஸ்டேட் ஃபைலில் இருந்தது. நாங்கள் அளந்ததும் அதோடு ஒத்துப்போனால், மற்ற வேலைகளைத் தைரியமாகத் தொடங்கலாம்.

அளந்தோம். ஃபைலில் இருந்ததைவிட 13 சென்டிமீட்டர் குறைவு.

சார் வாக்கிடாக்கியை எடுத்தார். "கம்பை நேராப் புடிங்க."

"நேராத்தானுங்க சார் புடிச்சிருக்கறேன்."

மறுபடி அளந்தோம். 13 சென்டிமீட்டர் குறைவு. அண்ணன் கம்பைக் கழற்றி, கல்லின் தலையிலிருந்த புள்ளியைத் துடைத்து, மறுபடி நட்டார். மூன்றாம் முறை. அதே 13.

சாருக்குக் கோபம் வந்துவிட்டது. எஸ்டேட் ஆள் வேறு பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வெளியாள் முன்னால் மெஷினைக் குறை சொல்ல முடியாது. மெஷின் பல லட்சம். தன்னையும் சொல்லிக்கொள்ள முடியாது. மிச்சம் இருந்தது இரண்டு கிலோமீட்டருக்கு அப்பால், குரல் மட்டும் கேட்கிற ஒரு மனிதர்.

"வயசாயிருச்சு. கை நடுங்குது. கம்பு சாயுது, அதுகூட உங்களுக்குத் தெரியலை."

வாக்கிடாக்கியில் கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும் வந்தது. அப்புறம் அண்ணனின் குரல், நிதானமாக.

"சார், கம்பு சாஞ்சிருந்தா மூணு வாட்டியுமா ஒரே மாதிரி சாயுமுங்க?"

அன்றைக்கு அந்த மலையில் பேசப்பட்டதிலேயே அறிவான வாக்கியம் இதுதான். கை நடுங்கினால் ஒரு முறை 5 வரும், ஒரு முறை 9 வரும், ஒரு முறை கூடவே வரும். மூன்று முறையும் மாறாமல் 13 வருகிறது என்றால், அது கை செய்த தப்பு இல்லை, வேறு எதுவோ கணக்காகச் செய்கிற தப்பு. இதைப் புரிந்துகொள்ள இன்ஜினீயரிங் படிக்க வேண்டியதில்லை. ஆள் உயரக் கம்பு 13 சென்டிமீட்டர் சாய்ந்தால் ரசமட்டக் குமிழ் ஓரத்தில் போய் ஒட்டிக்கொள்ளும், அதை அவர் பார்க்காமலா இருப்பார்?

நான் அப்போது என்ன செய்தேன்? தேயிலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தேயிலை பச்சையாக இருந்தது.

இறங்கும்போது ஜீப்பில் யாரும் பேசவில்லை. மேட்டுப்பாளையத்தில் டீ குடித்தோம். மறுநாள் சார் என் மேஜைக்கு வந்து, "அவருக்கு நேத்துக் கூலியைப் புடிச்சுருங்க. இனி வரவேண்டாம்னு சொல்லிருங்க" என்றார். கூலி 350 ரூபாய். கழித்து எழுதியது என் பேனாதான்.

*

ஒரு வாரம் கழித்து பில் போடுவதற்காக அந்த மெஷினிலிருந்து எடுத்த பிரின்டைப் புரட்டினேன். காமர்ஸ் படித்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. பொடி எழுத்து எங்கே இருந்தாலும் வாசித்தே தீருவான். தலைப்பில் பொடியாக இருந்தது: திருத்தம் 0.

சந்தேகம் வந்து அலமாரியிலிருந்த மெஷின் புத்தகத்தை எடுத்தேன். அதற்குள் ஒரு பட்டியல். இந்த வெப்பம், இந்த அழுத்தம் என்றால் கிலோமீட்டருக்கு இத்தனை மில்லிமீட்டர் கூட்டு என்று போட்டிருந்தது.

விஷயம் இதுதான். வெற்றிடத்தில் ஒளியின் வேகம் விநாடிக்கு 2,99,792.458 கிலோமீட்டர். ஆனால் நாம் வெற்றிடத்தில் நிலம் அளப்பதில்லை. காற்றுக்குள் புகுந்ததும் ஒளி கொஞ்சம் தயங்குகிறது. கடல் மட்டத்துக் காற்றில் விநாடிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் வேகம் குறைகிறது. உயரே போகப் போகக் காற்று இளைத்துப்போகிறது, ஒளியின் தயக்கமும் குறைகிறது. ஊட்டி உயரத்தில் 65 கிலோமீட்டர் அளவுக்குத்தான் குறைகிறது.

மெஷினுக்கு இது தெரியாது. எங்கள் மெஷின், 12 டிகிரி வெப்பத்தில் கடல் மட்டத்துக் காற்றில் நின்றுகொண்டிருப்பதாக நினைத்துக்கொள்ளும்படி கம்பெனியில் செய்து அனுப்பப்பட்டது. மேலே ஒளி கொஞ்சம் வேகமாகப் போய் வந்துவிட்டது. 'அட, சீக்கிரம் வந்துவிட்டதே, அப்படியானால் தூரம் குறைவு' என்று மெஷின் முடிவு கட்டிவிட்டது. ஒளி பொய் சொல்லவில்லை, மெஷினும் பொய் சொல்லவில்லை. நடுவில் இருந்த காற்றின் நிலவரத்தை மெஷினிடம் சொல்ல வேண்டியவன் கையைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு நின்றான்.

பென்சில் எடுத்தேன். அந்த உயரத்துக்கு அழுத்தம் சுமார் 780 மில்லிபார். அன்றைய குளிர் 15 டிகிரி என்று வைத்துக்கொண்டேன். ஒரு டிகிரி முன்னே பின்னே இருந்தாலும் கிலோமீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர்தான் மாறும். ஒரு மில்லிபார் மாறினால் அதில் மூன்றிலொரு பங்கு. பட்டியலில் விரலை ஓட்டினேன். அதே விரல்தான். கிலோமீட்டருக்கு 67 மில்லிமீட்டர். இரண்டு கிலோமீட்டருக்கு 134.

13.4 சென்டிமீட்டர்.

அந்த வயதுக்குள் நான் எத்தனையோ கணக்குகள் டேலி ஆகாமல் ராத்திரி முழுக்க முழித்திருக்கிறேன். ஒரு கணக்கு டேலி ஆனதற்காகத் தூக்கம் போனது அன்றைக்குத்தான்.

(உடனே உங்கள் வீட்டு மனைப் பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். நம் ஊர் வெயில் 35 டிகிரி, கோவையின் உயரத்துக்கு அழுத்தம் 965 மில்லிபார் என்றால், பூஜ்யத்தை மாற்றாமல் விட்டதால் வரும் பிசகு கிலோமீட்டருக்கு 33 மில்லிமீட்டர்தான். 60 அடி மனைக்கு ஒரு மில்லிமீட்டர்கூட வராது. பென்சில் கோட்டின் தடிமன். அதற்காகப் பக்கத்து வீட்டுக்காரரோடு சண்டை போட வேண்டாம். போடுவதற்கு வேறு காரணங்கள் இருக்கும்.)

*

சொல்லியிருக்க வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். சொல்லவில்லை. அந்த மாதச் சம்பளம் வரட்டும் என்று நினைத்தேன். வந்தது. போனஸ் பற்றிப் பேச்சு நடக்கிறதே என்று நினைத்தேன். இப்படி மூன்று வாரம். அந்த மூன்று வாரமும் ஆபீசில் இருந்த சர்வே புத்தகங்களை எடுத்துப் படித்துக்கொண்டிருந்தேன். குற்றம் செய்தவன் சட்டப் புத்தகம் படிக்கிற மாதிரி. காற்றிடம் ஏமாந்த முதல் ஆள் நானில்லை என்று தெரிந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருக்குமே என்ற எண்ணம்.

நான் முதல் ஆள் இல்லை. வரிசை பெரிது.

1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் என்கிற வெள்ளைக்கார அதிகாரி சென்னை பரங்கிமலைப் பக்கம் ஏழரை மைல் நீளத்துக்கு ஒரு கோட்டை இரும்புச் சங்கிலியால் அளந்தார். இந்தியாவையே முக்கோணம் முக்கோணமாக அளந்த மகா சர்வேயின் தொடக்கம் அது. அவர் சங்கிலியைத் தரையில் இழுத்துக்கொண்டு போகவில்லை. மரப் பெட்டிகளுக்குள் கிடத்தி, வெயில் படாமல் கூடாரத் துணியால் மறைத்து, பக்கத்தில் தெர்மாமீட்டர் வைத்து அளந்தார். வெயிலில் இரும்பு நீளும், அதைக் கழிக்க வேண்டும். அவர் தெர்மாமீட்டரைப் பார்த்தார். நான் இருநூறு வருஷம் கழித்துப் பிறந்தும் பார்க்கவில்லை.

அவருடைய கோடு அப்படியே நம் கொங்குச் சீமை வழியாகவும் போயிருக்கிறது. கன்னியாகுமரிப் பக்கத்திலிருந்து வடக்கே அவர் அளந்த ஒரு துண்டின் வட முனை கோயமுத்தூர்ப் பக்கம் ஒரு கிராமம். அவர் எழுதிய இங்கிலீஷ் எழுத்துக்கூட்டலைப் பல்லைக் கடித்துக்கொண்டு வாசித்தால் பச்சாபாளையம் என்று வரும். அதன் அட்சரேகையை 10 டிகிரி, 59 நிமிடம், 48.9 விநாடி என்று கணக்கிட்டிருக்கிறார். நம் பக்கம் பச்சாபாளையங்கள் பல உண்டு. ஒவ்வொரு ஊர்க்காரரும் அது எங்கள் ஊர்தான் என்று சொல்லிக்கொள்ளலாம், நான் மறுக்கமாட்டேன்.

அந்தக் காலத்தில் தூரத்தைவிடக் கோணத்தில்தான் காற்று விளையாடியது. ஒளி நேர்கோட்டில் போகும் என்று நமக்கு எட்டாம் வகுப்பில் சொன்னார்கள். அது பாதிப் பொய். கீழே காற்று அடர்த்தி, மேலே லேசு. அந்த அடுக்குகளின் ஊடே போகிற ஒளி அடர்த்தியான பக்கம், அதாவது கீழ்நோக்கி, லேசாக வளைகிறது. அதனால் தூரத்துக் குன்றின் உச்சி இருக்கிற இடத்தைவிடக் கொஞ்சம் உயரமாகத் தெரியும். பூமியின் வளைவால் ஒரு கிலோமீட்டரில் 7.8 சென்டிமீட்டர் கீழே போகிறது என்றால், காற்றின் வளைவு அதில் ஏழில் ஒரு பங்கைத் திருப்பித் தருகிறது. தள்ளுபடி போக நிகரம் 6.7 சென்டிமீட்டர்.

இது சாதுவான நேரத்துக் கணக்கு. மத்தியானம் பல்லடம் ரோட்டில் பைக்கில் போயிருக்கிறீர்களா? தூரத்தில் ரோடே நனைந்து கிடப்பது போல் தெரியும். கானல். தரை கொதித்துத் தரையை ஒட்டிய காற்று லேசாகிவிட, ஒளி தலைகீழாக மேல்நோக்கி வளைகிற விளையாட்டு அது. தண்ணீர் என்று நாம் பார்ப்பது வானத்தை. லெவல் பார்க்கிறவர்கள் வெயில் ஏறிய பின் பார்வைக் கோட்டைத் தரைக்குப் பக்கத்தில் கொண்டுபோகாமல் இருப்பதும், காலையிலேயே வேலையை முடிக்கப் பார்ப்பதும் இதனால்தான். எங்கள் சார் மொழியில், "பத்து மணிக்கு மேல ஸ்டாஃப் கரகாட்டம் ஆடும்."

லாம்டனுக்குப் பின் வந்த ஜார்ஜ் எவரெஸ்ட், பகல் வெயிலோடு போராடி அலுத்து, எதிர்க் குன்றில் விளக்கு ஏற்றச் சொல்லி ராத்திரியில் கோணம் பார்த்தார். ராத்திரியில் தரை குளிர்ந்து ஒளி இன்னும் அதிகமாகக் கீழே வளைவதால், பகலில் கண்ணுக்கு மறைந்திருக்கும் குன்றுகூட எட்டிப் பார்க்கும். ஆனால் அதே காரணத்தால் உயரக் கோணத்தை ராத்திரியில் நம்ப முடியாது. அதற்குப் பகல் ஒரு மணிக்கு மேல், காற்றின் வளைவு மிகக் குறைவாக இருக்கும் நேரத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆக ஒரே மனிதருக்கு ராத்திரி ஷிப்ட், பகல் ஷிப்ட் இரண்டும். ஓவர்டைம் கிடைத்ததா என்று புத்தகத்தில் இல்லை.

எவரெஸ்ட் சிகரத்தின் கதையும் இதுதான். பீகார்ச் சமவெளியிலிருந்து நூறு மைலுக்கும் அப்பால் நின்று அதன் கோணத்தை எடுத்தார்கள். 110 மைலில் பூமியின் வளைவுக்கு மட்டுமே சுமார் 8,000 அடி கூட்ட வேண்டும். காற்றின் வளைவுக்காக ஆயிரம் அடிக்கு மேல் கழிக்க வேண்டும். கல்கத்தாவில் தலைமைக் கணக்கராக ராதாநாத் சிக்தர் இருந்த காலம் அது. ஆண்ட்ரூ வா 1856-ல் அறிவித்த உயரம் 29,002 அடி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பர்ரார்ட் என்ற அதிகாரி காற்றின் வளைவுக்கு வேறு எண் போட்டுப் பார்த்தபோது 29,141 அடி வந்தது. மலை அதற்குள் வளர்ந்துவிடவில்லை. நடுவில் இருக்கிற காற்றின் பேரில் எழுதிய தொகை மாறிவிட்டது, அவ்வளவுதான். அப்புறம் பக்கத்தில் போய் அளந்து 1955-ல் 29,028 அடி என்றார்கள். 2020-ல் நேபாளமும் சீனாவும் சேர்ந்து அறிவித்தது 8,848.86 மீட்டர்.

ஒளியைக் கொண்டே தூரம் அளக்கிற கருவியை 1940-களின் கடைசியில் ஸ்வீடனில் பெரிஸ்ட்ராண்ட் என்ற விஞ்ஞானி கொண்டுவந்தார். 1957-ல் தென்னாப்பிரிக்காவில் வாட்லி ரேடியோ அலையால் அளக்கும் கருவியைக் கொண்டுவந்தார். ரேடியோ அலைக்கு வெப்பம், அழுத்தம் போதாதென்று காற்றின் ஈரப்பதத்தையும் சொல்லியாக வேண்டும். கருவி மாறிக்கொண்டே இருக்கிறது. காற்று மட்டும் 'என்னை மறந்துட்டீங்களே' என்று ஒவ்வொரு தடவையும் வந்து நிற்கிறது.

இதற்கெல்லாம் அந்தக் கால ஆட்கள் கண்டுபிடித்த வைத்தியம் ஒன்றுதான் என் நெஞ்சில் தைத்தது. சந்தேகம் வந்தால் இரண்டு முனையிலிருந்தும் பார். இந்தக் குன்றிலிருந்து அந்தக் குன்றையும், முடிந்தால் அதே நேரத்தில் அங்கிருந்து இங்கேயும். காற்றின் வளைவு இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதால் கழிந்துவிடும். நீண்ட கோட்டைத் தூரக் கருவியால் அளக்கும்போதும் இரண்டு முனையிலும் வெப்பமும் அழுத்தமும் பார்த்துச் சராசரி எடுக்க வேண்டும். மெஷின் இருக்கிற முனை மட்டும் முனையில்லை. கம்பு நிற்கிற இடமும் முனைதான்.

நாங்கள் அன்றைக்கு மெஷின் முனையிலிருந்து மட்டும் பார்த்தோம். கம்பு முனையிலிருந்து வந்த ஒரே ஒரு அளவு, 'மூணு வாட்டியுமா ஒரே மாதிரி சாயும்' என்கிற அந்தக் கேள்வி. அதை யாரும் நோட்டில் எழுதவில்லை. எழுத வேண்டியவன் நான்.

கணக்குப் பாடத்தில் முதல் வருஷமே சொல்லித் தருவார்கள். வித்தியாசம் வந்து காரணம் தெரியவில்லை என்றால், அவசரப்பட்டு யார் பேரிலும் பற்று எழுதாதே, அனாமத்துக் கணக்கில் போட்டு வை, காரணம் தெரிந்ததும் எடுத்து எழுது. நாங்கள் 13 சென்டிமீட்டரை நேராக ஒரு மனிதரின் பேரில் பற்று எழுதிவிட்டோம்.

*

நாலாவது வாரம் சாரிடம் போய்ச் சொன்னேன். மெஷின் புத்தகத்தைத் திறந்து அந்தப் பட்டியலையும் காட்டினேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கொஞ்ச நேரம் பட்டியலையே பார்த்தார்.

"நானும்தானுங்க ஒரு தடவை பார்த்திருக்கோணும்" என்றார். பிறகு திட்டினார்.

மறுவாரம் திரும்பவும் மேலே போனோம். இந்த முறை இரண்டு தெர்மாமீட்டர். இந்தப் பக்கம் ஒன்று, எதிர் மேட்டில் ஒன்று. என் இரண்டு கைகளும் வெளியேதான் இருந்தன. இரண்டு பக்கத்து அளவையும் சராசரி எடுத்து மெஷினில் போட்டு அளந்தோம். ஃபைலுக்கும் எங்களுக்கும் 4 மில்லிமீட்டர்தான் வித்தியாசம். எஸ்டேட் ஆள் கை கொடுத்தார். கம்பு பிடித்தது ஒரு சின்னப் பையன். அவனுக்கு இது எதற்கென்றே தெரியாது.

அண்ணனைத் தேடிப் போனேன். சூலூர் தாண்டி ஒரு தறிக் குடோனில் ராத்திரி காவலுக்குச் சேர்ந்திருந்தார். பொழுது சாய்கிற நேரம். உள்ளே தறிகள் சத்தம் போட்டுக்கொண்டிருந்ததால் ரோட்டோரம் வேப்பமரத்தடிக்கு வந்து நின்றோம். எல்லாவற்றையும் சொன்னேன். பாக்கெட்டுக்குள் இருந்த கையை, பூஜ்யத்தை, 67-ஐ, மூன்று வாரத்தை. பிடித்தம் செய்த 350 ரூபாயையும், வேலை போன நாள்களுக்கு என் கையிலிருந்து ஒரு தொகையையும் ஒரு கவரில் போட்டுக் கொண்டுபோயிருந்தேன்.

முழுசும் கேட்டார். கோபப்படவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"அப்ப என்ர கை நடுங்கலைங்கறது உங்களுக்கு ஒரு வாரத்துலயே தெரிஞ்சு போச்சுங்களா தம்பி?"

"ஆமாங்கண்ணா."

"எனக்கு ஒரு மாசம் தெரியலைங்க. சாப்பிடும்போதெல்லாம் கையைத் தூக்கித் தூக்கிப் பார்த்துட்டிருந்தேன்."

நான் மறுபடியும் பார்ப்பதற்குத் தேயிலை இல்லை. அவரைத்தான் பார்க்க வேண்டியிருந்தது.

கவரைப் பிரித்தார். நிதானமாக எண்ணினார். 350-ஐ மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கவரோடு என் சட்டைப் பாக்கெட்டில் வைத்தார்.

"இதுதானுங்க என்ர கணக்கு."

சார் திரும்பக் கூப்பிடுகிறார் என்று சொன்னேன். யோசிக்கவேயில்லை. "வேண்டாமுங் தம்பி. இங்க எதையும் நேராப் புடிக்க வேண்டியதில்லை" என்று சிரித்தார். அப்புறம் தறிக்காரர்களுக்கு வந்த டீயில் எனக்கும் ஒரு கிளாஸ் வாங்கிக் கொடுத்தார். கிளாஸை நீட்டிய கையைப் பார்த்தேன். ஒரு சொட்டு சிந்தவில்லை.

அந்த ஆபீசை விட்டு வந்து வருஷங்கள் ஆகிவிட்டன. இப்போது சில மெஷின்கள் வெப்பத்தையும் அழுத்தத்தையும் தாங்களே பார்த்துப் போட்டுக்கொள்கின்றனவாம். அவற்றுக்குக் குளிராது, பாக்கெட்டும் கிடையாது. நல்லது. ஆனாலும் அவை பார்ப்பது மெஷின் இருக்கிற முனையை மட்டும்தான். எதிர் முனையில் என்ன நிலவரம் என்று யாராவது ஒருவர் வாக்கிடாக்கியில் கேட்டாக வேண்டும். பதில் வந்தால் நோட்டில் எழுதவும் வேண்டும்.